பதினான்காம் குழியின் மணற்பள்ளம்

மெல்பேர்னின் தென்கிழக்கில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுவதும் மணற்பள்ளங்களை வாரிச் சமப்படுத்துவதும் என் வேலை. நான் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் ஒன்பது வருடங்களாகப் பந்துகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஆண்களும் பெண்களும் ஒரே கிண்ணத்துக்காக மோதும் தொழில்முறைப் போட்டி எங்களிடம் நடந்தது. பெண்கள் சற்று முன்னால் நின்று அடிப்பார்கள், மற்ற விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். பயிற்சி நாளில் பதினான்காம் குழியில் நின்று கவனித்தேன். ஆண்கள் அடித்த பந்துகள் வழியிலிருந்த மணற்பள்ளத்தைத் தாண்டிப் போயின. பெண்கள் திறமாக அடித்த பந்துகளோ நேரே அதற்குள் இறங்கின. சரியாக அடிக்காதவர்களின் பந்துகள்தான் அதுவரை போகாமல் புல்லில் நின்று தப்பின.

மேற்பார்வையாளரிடம் போனேன். "பெண்கள் அடிக்கிற இடத்தை இன்னும் இருபது மீட்டர் முன்னுக்கு வைத்தால் அவர்களும் தாண்டுவார்கள்," என்றேன்.

"அதைப் போட்டிக் குழு முடிவு செய்துவிட்டது. நீ மணலைப் பார்," என்றார்.

போட்டியின் கடைசி நாள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சமநிலையில் அந்தக் குழிக்கு வந்தார்கள். அவளுடைய அடி நேர்த்தியானது. பந்து, பள்ளத்தின் ஓரத்தில் வாரியோடு நின்ற என் காலடியில் மணலுக்குள் புதைந்தது.

அவள் வந்து பார்த்தாள். "இன்றைக்கு எத்தனை பேர் இதில் விழுந்தார்கள்?"

"பெண்கள் ஒன்பது பேர். ஆண்களில் ஒருவர்."

அவள் தான் அடித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே எடுக்க ஓர் அடி வீணானது. முடிவில் அந்த ஓர் அடியால்தான் தோற்றாள்.

"பெண்களுக்குக் கடைசி நேரத்தில் கை நடுங்கிவிடும்," என்றான் கயிற்றுக்கு அப்பால் நின்ற ஒருவன். பார்வையாளர்களோடு வாக்குவாதப்பட எங்களுக்கு அனுமதியில்லை. மணலை வாரினேன்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். குசினியில் சமைத்தபடியே கேட்டாள்: "நீங்கள் முதலே சொன்னனீங்கள்தானே?"

"ஓம், சொன்னனான்."

"எழுதிக் குடுத்தனீங்களோ?"

அது சுருக்கென்றது. மறுநாளே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டிக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது.

அடுத்த வருடமும் போட்டி வந்தது. பதினான்காம் குழியில் பெண்கள் அடிக்கும் இடத்தைக் காட்டும் அடையாளக் கட்டைகளை ஊன்றும் வேலை எனக்கே கிடைத்தது. எங்கே ஊன்றுவது என்று புல்லில் வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே போட்டிருந்தார்கள், அதே பழைய இடத்தில். இருபது மீட்டர் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? நடக்கவில்லை. புள்ளியிலேயே ஊன்றிவிட்டு வந்தேன்.

முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மேற்பார்வையாளர் கேட்டார். வெயில் என்றேன்.