கேட்டில் தொங்கிய குடை

மண்ணூர்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் இரும்புக் கேட்டில் ஒரு கறுப்புக் குடை தொங்கினால், உள்ளே ஊழியக்கார அம்மா இருக்கிறார் என்று தெருவுக்கே தெரியும். சபையாரின் வீடுகளுக்குப் போய் நலம் விசாரித்து ஜெபிப்பது அவர் வேலை. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு அம்மா சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். யாராவது விசாரித்தால் என்ன சொல்வது என்ற கூச்சம். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது கேட்டில் குடை தொங்கியது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஊழியக்கார அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றார் அம்மா.

"ஒண்ணும் இல்லாதவ ஏம்மா ஊட்டுலயே குந்திகினு கீற?"

அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணிவிடச் சொன்னார்.

"இரு. இப்பவே ஆமென் சொல்லிட்டா நான் எழுந்து போவணும். இன்னும் வெங்காயம் கீது."

முறம் காலியாவதற்குள் அம்மா அழுதுவிட்டார். அடுத்த வாரமும் குடை தொங்கியது. அதற்கடுத்த வாரமும்.

ஊழியக்கார அம்மா ஓய்வு பெற்ற பின் அந்த இடத்துக்குச் சபையில் யாரையும் நியமிக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்றார்கள். குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆராதனை நேரம், வசனம், மரண அறிவிப்பு எல்லாம் தவறாமல் வருகின்றன. என் மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் குரூப்பில் சொல்லலாமா, நாளைக்கு அவனைப் பற்றிப் பேச்சாகிவிடுமோ என்று பலமுறை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினேன். ஆமென்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே யாரோ பிறந்தநாள் கேக் படம் போட, வாழ்த்துகள் குவிந்து என் செய்தி மேலே போய் மறைந்தது. ஞாயிறன்று சர்ச் வாசலில் ஓர் ஆன்ட்டி, "ஆமென் போட்டேனே, பாத்தியாம்மா?" என்றார். பார்த்தேன் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. அவர்மேல் தவறில்லை. மற்றவர்களின் துயரத்துக்குக் கீழே நானும் அதைத்தானே போடுகிறேன்.

ஊழியக்கார அம்மா இப்போது வெள்ளானூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தேன். அவருக்குக் காது மங்கிவிட்டது. சத்தமாகச் சொல்ல ஆரம்பித்து, பக்கத்து ஃபிளாட்டில் கேட்குமோ என்று குரலைத் தாழ்த்தினேன்.

"ஒண்ணும் கேக்கலம்மா. நேர்ல வரேன், ஊடு எங்க கீதுன்னு சொல்லு."

மகள் போனை வாங்கினார். "அம்மாவால கட்டில உட்டே எழுந்திருக்க முடியலக்கா. யார் போன் பண்ணாலும் வரேன், வரேன்னுதான் சொல்லும்."

அம்பத்தூரில் எங்கள் ஃபிளாட்டின் கிரில் கதவில் பால் பாக்கெட் போடும் பை தொங்குகிறது. காலையில் மகன் அதைப் பிடித்து ஆட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். "பால்," என்கிறேன். "பால் சொல்லு, கண்ணா." அவன் மறுபடியும் ஆட்டுகிறான். கம்பியில் பை உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது.