தோளும் கையும் இல்லாத பனியன்: திருப்பூரில் ஏழாம் பாடம்

எழுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், சென்னையில் என் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. "ஜப்பான் கடிதம் வந்துள்ளது. உடனே வரவும்." அனுப்பியவர் செல்லமுத்து, என் மனைவியின் அண்ணன். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தவர்களில் ஜப்பானிய மொழி படித்தவன் நான் ஒருவன்தான்.

படித்தவன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். எழுத்து, வணக்கம், எண்கள் என்று ஆறு பாடம் போயிற்று. ஏழாம் பாடம் ஆடைகள். அதை முடித்த வாரத்தில் ஆசிரியர் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே ஒரு ஜப்பானியருக்குப் பசித்தால் என்னால் உதவ முடியாது. அவர் உடுத்தியிருப்பதைப் பற்றி என்றால் அரைமணி நேரம் பேசுவேன்.

சென்னையிலிருந்து திருப்பூர் 445 கிலோமீட்டர். காலை 6.20க்குப் பகல் வண்டி, கட்டணம் பதின்மூன்று ரூபாய். ஜோலார்பேட்டை வரை குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு போனேன். ஜப்பானியர் உடலை வினைச்சொற்களால் பங்கு பிரித்திருக்கிறார்கள். தோளிலிருந்து தொங்க உடுத்தினால் 'கிரு'. இடுப்புக்குக் கீழே காலை விட்டு ஏற்றினால் 'ஹாகு'. சுற்றிக்கொண்டால் 'மாகு'. குழப்பமான மொழி என்று வகுப்பில் ஒருவர் அலுத்துக்கொண்டார். வேட்டியைக் கட்டி, சட்டையைப் போட்டு, துண்டைப் போர்த்தி, மனைவி பூச்சூடிக்கொள்ளும் வரை வாசலில் காத்திருந்துவிட்டு வகுப்புக்கு வந்தவர் அவர்.

வண்டி நாற்பது நிமிடத் தாமதத்தில் 3.40க்குச் சேர்ந்தது. நிலையத்திலிருந்து கம்பெனி இரண்டு கிலோமீட்டர், குதிரைவண்டிக்கு ஒரு ரூபாய்.

"ஏனுங்க, பனியன் வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"படிக்க வந்தேன்."

"பனியன்ல படிக்க என்னங்க இருக்குது?" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குதிரையிடம் பேசத் தொடங்கினார்.

செல்லமுத்துவின் கம்பெனியில் துணி பின்னும் வட்ட மெஷின் இரண்டு, தையல் மெஷின் ஆறு, ஆட்கள் பதினொரு பேர். தெரியாதவர்களுக்கு ஒரு செய்தி: பனியன் துணி மெஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். அதை அளவாக வெட்டி, கழுத்தும் கையும் வைத்துத் தைத்தால் பனியன். மேசையில் ஜப்பான் கம்பெனி ஒன்று அனுப்பிய மாதிரித் துணிகள் மூன்று இருந்தன. கூடவே ஒரு தாள். ஒவ்வொன்றின் பெயரும் ஜப்பானிய எழுத்தில். அடியில் ஆங்கிலத்தில் இரண்டே வரி: இதேபோல் ஒவ்வொன்று செய்து, நாங்கள் அனுப்பியவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்புக.

முதலாவது முழங்கால் வரை வரும் மெல்லிய உள் கால்சட்டை, 'சுதேதேகோ'. இரண்டாவது 'ஜுபான்', உள் சட்டை. மூன்றாவது ஒட்டக நிறத்தில் ஒரு முழுக்கைப் பனியன். கையும் தோளும் மட்டும் வெள்ளை.

"இது மட்டும் ஏன் இரண்டு நிறம்?"

"அதை ஏன் கேக்கறீங்க மாப்ளை," என்றார் செல்லமுத்து, பெருந்தன்மையோடு. "பாவம், அவசரத்துல தோளும் கையும் வெக்காம வெறும் குழாயா அனுப்பிட்டாங்க. எழுதிக் கேட்டா சங்கடப்படுவாங்கன்னு நாமளே வெச்சுத் தெச்சுட்டமுங்க."

தாளைப் பார்த்தேன். 'ஹராமாகி'. ஹரா என்றால் வயிறு, மாகி, சுற்றுவது. வயிற்றுக்கு மட்டும் போடும் துணி. அது பிறந்ததே குழாயாகத்தான், குழாயாகவே நிறைவடைந்திருந்தது. கொங்கு நாட்டு மரியாதை அதற்குக் கை முளைக்க வைத்துவிட்டது.

சொன்னேன். செல்லமுத்து நம்பவில்லை. "வயித்துக்கு எதுக்குங்க சட்டை?"

"வயிற்றைச் சூடாக வைத்துக்கொள்ள."

அவர் முகம் மாறியது. "வயிறு குளிரோணும்னுதானுங்க நாம வாழ்த்தறது. சூடாகோணும்னு வாழ்த்தறவனை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா? வயித்தெரிச்சல் புடிச்ச பொழப்பு. கையோடவே அனுப்பலாமுங்க."

மறுநாள் பகல் பதினொரு மணிக்குச் சென்னைக்குப் பார்சல் கொண்டுபோக ஏஜென்ட் ஜமால் வருவதாக இருந்தது. கை முளைத்த ஹராமாகி கப்பல் ஏறினால் திருப்பூருக்கு இன்னொரு ஜப்பான் கடிதம் வராது என்று எனக்குத் தோன்றியது. ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கொட்டினேன். உயிரும் துணிவும் வயிற்றில் குடியிருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். இடி இடித்தால் குழந்தைகள் தொப்புளைப் பொத்திக்கொள்வார்கள், இடித்தேவன் திருடிக்கொண்டு போய்விடுவானாம். கோவணத்துக்குக்கூட அவர்களிடம் ஒரு சொல் உண்டு, 'ஃபுந்தோஷி'.

"கோவணமுங்களா? நம்ம பழனியாண்டவர் உடுப்பு!" ஜப்பான்மீது அவருக்கு முதன்முறையாக மதிப்பு வந்தது. ஆனாலும் வயிற்று விஷயத்தில் அசையவில்லை.

அப்போது ஓரத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த ரங்கம்மாள் தலையைத் தூக்கினார். நாற்பது வயதிருக்கும். "ஏனுங் மொதலாளி, நீங்க அரணாக்கயிறு கட்டீருக்கீங்களா இல்லீங்களா?"

"அதில்லாம இருப்பாங்களா?"

"எதுக்குக் கட்டறோம்? கொழந்தைக்கு எதுக்குக் கட்டறோம்? காத்துக் கருப்பு அண்டக்கூடாதுன்னு. அவங்க ஊர்ல குளிரு. கயிறு பத்தலை, துணியாச் சுத்தறாங்க. இதுக்கென்னுங்க இத்தனை சண்டை?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சாமி, இதை எந்த மாசத்துல போடுவாங்க?"

"கார்த்திகை, மார்கழி, தை. பனிக்காலத்தில்."

"அப்ப ஆடியிலிருந்து ஐப்பசிக்குள்ள பின்னி அனுப்போணும்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பனியன் கோடையில் விற்கும் பண்டம். ஆடி பிறந்தால் வாங்க ஆளிருக்காது, கம்பெனியைப் பாதி மூடிவிடுவார்கள். ஆண்டுதோறும் அந்த நாலு மாதம் ரங்கம்மாள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புகளுக்கு வேலைக்குக் கூட்டிப்போவார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அறையில் மற்ற எல்லோருக்கும் முன்பே தெரியும்.

செல்லமுத்து துணியை எடுத்து ரங்கம்மாளிடம் நீட்டினார். "பிரிச்சுருங்க. அவங்க துணியை வெட்டலீங்க, மேல தெச்சது மட்டும்தான்."

பின்னல் துணியில் தையல் பிரிப்பது சாதாரண வேலை இல்லை. ஒரு நூல்கண்ணி நழுவினால் பிரிந்துகொண்டே கீழ்வரை ஓடிவிடும். முதல் கை இருபது நிமிடத்தில் வந்தது. இரண்டாவதில் ஒரு கண்ணி நழுவி அரை அங்குலம் ஓட, ரங்கம்மாள் விரலால் அழுத்திப் பிடித்து, ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றினார். ஆறு மணிக்கு அது மறுபடி குழாயானது, மேல் விளிம்பில் கடுகளவு தழும்போடு.

மற்ற இரண்டுக்கும் நகல் முன்பே தயார், ஹராமாகிக்கு மட்டும் இரவில் மூன்று விதமாகத் தைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோதனை. செல்லமுத்துவே உடல் தந்தார். முதல் ஹராமாகி பத்தடி நடப்பதற்குள் முழங்காலுக்கு இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை, அவரையும் மூச்சுவிட விடவில்லை. கழுத்துப்பட்டிக்கு வைத்திருந்த, இழுத்தால் நீளும் ரிப் துணியில் செய்த மூன்றாவதைப் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போனவர், அரைமணி கழித்து வந்து கழற்ற மறுத்தார்.

"சூடாக இருக்கிறதா மச்சான்?"

"சூடில்லீங்க. கதகதன்னு இருக்குது. அது வேற."

பதினொன்றுக்கு ஜமால் வந்தார். ஜுபான் என்ற பெயர் போர்த்துகீசியர் வழியாக ஜப்பான் போனது, மூலம் 'ஜுப்பா' என்ற அரபிச் சொல் என்றேன். தன் ஜிப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இது நமக்குச் சொந்தமுங்க." கப்பல் வழிச் சொந்தம்.

தழும்பை மறைத்துவிடலாம் என்பது என் யோசனை. "கண்டுபுடிக்கறதுக்கு முந்தி சொல்லிப்போடுங்க," என்றார் ரங்கம்மாள். எனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு, என் வாழ்நாளின் ஒரே ஜப்பானியக் கடிதத்தை எழுதினேன். அதன் முழு வாசகம்: "இது சட்டை இல்லை. இப்போது தெரியும். மன்னிக்கவும்."

இதுபோல் மொழி படிக்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பனியன் கம்பெனிகளைப் பார்க்கக் காலை வேளை நல்லது, முதலாளி கோபப்பட இன்னும் காரணம் கிடைத்திருக்காது. குதிரைவண்டி இப்போது கிடையாது. ஆட்டோக்காரரும் அதே கேள்வியைக் கேட்பார். அகராதி சுமக்க வேண்டாம். ஓர் ஆடையின் பெயரோடு, அதை உடலில் எங்கே, எந்த மாதத்தில் போடுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் ஒரு துண்டு அவசியம். தை மாத விடிகாலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வயிற்றில் அடிக்கும்போது ஜப்பானியர் சொல்வது புரியும்.

பதில் சித்திரையில் வந்தது. மூன்று சாமான்களில் இரண்டு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதான ஹராமாகிக்குச் சிறிய ஆர்டர், ஐப்பசிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்த ஆடியில் குடும்பத்தோடு திருப்பூர் போனேன். தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. ரங்கம்மாள் அதே ஓரத்து மெஷினில் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"உடுமலைக்குப் போகலையா?" என்றேன்.

"எங்கீங்க போறது?" என்றார், தையலிலிருந்து கண்ணெடுக்காமல். "ஜப்பான்ல வயிறு குளிருதாமுல்ல."