சோத்துக் கைப் பக்கம்

லெஃப்ட், ரைட் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு நொடி யோசித்துத்தான் கை அசையும். சோத்துக் கை, பீச்சாங்கை என்றால் யோசனையே வேண்டாம். டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் பதினேழு வருடமாகக் குடும்ப வேன் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மேப் பார்த்து வழி சொல்லும் என் மகளிடம் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பேன், "சோத்துக் கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?" தோழிகள் இருக்கும்போது இரண்டாவது சொல்லைச் சொல்லவே கூடாது என்று எட்டு வயதிலேயே தடை போட்டாள். அந்தக் கைக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒருமுறை விளக்கித் தொலைத்திருந்தேன். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

அந்த வேன் எனக்காக வாங்கியது இல்லை. டேகேருக்கு, நீச்சல் வகுப்புக்கு, ஊரிலிருந்து வந்திறங்கும் மாமியாரின் நான்கு பெட்டிகளுக்கு என்று வாங்கியது. மகள் ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள் என்று முடிவானதும் வீட்டில் அறிவித்துவிட்டேன். அடுத்த கார் எனக்கே எனக்கு, யாரையும் கேட்டு வாங்கப் போவதில்லை.

அந்தக் காரை இந்தியன் ஸ்டோர் வாசலில் பார்த்தேன். சிவப்பு நிறம், மூன்றே கதவு, கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாள். பிரெஞ்சுக்காரன் செய்தது. பார்த்தால் மளிகை வாங்கப் போகிற சின்னக் கார், மிதித்தால் பறக்கும். ஹாட் ஹேட்ச் என்பார்கள். இங்கிலாந்தில் ஓடியதால் ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம். இருபத்தைந்து வயது முடிந்த பிறகுதான் இந்த நாடு அதை உள்ளே விட்டதாம். அதற்கு நாங்கள் தேவலாம், எங்கள் கிரீன் கார்டு பதினான்கு வருடத்தில் வந்துவிட்டது.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? ஒரு போல்ட் உடைஞ்சா பிரான்ஸுக்கா போவ?" என்றார் கணவர்.

"அக்கா, ரீசேல் வேல்யூவே இருக்காது," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். காரை வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றிப் பேசுகிற கூட்டம் எங்களுடையது. நான் அசையவில்லை.

விற்பவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர். வந்து பார்த்தவர்கள் யாருக்கும் இடது கையால் கியர் போட வரவில்லை என்று வருத்தப்பட்டார். ஈரோட்டில் நான் ஓட்டக் கற்றதே இடது கையால் கியர் போட்டுத்தான் என்றேன். ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார். லாரியை முந்தும்போது எதிரே வருவது இடது இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும், அங்கே ஆள் வைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது. எனக்கா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகள் இடது பக்கம் ஏறி, எதிரே ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. இடது கை எதையும் மறக்கவில்லை. ஊருக்கு வெளியே ஆள் அரவமில்லாத பண்ணைச் சாலையில் அந்தச் சின்னக் கார் சீறிக்கொண்டு போனபோது எனக்கு வயது இருபத்திரண்டு. திருப்பம் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஓடியது. ஈரோட்டு மாருதியில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம் இருக்கும், இதில் இடது கைப் பக்கம். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த முனையில் நின்று, பார்த்து, இடது பக்கம் திரும்பினேன். அழகாக, ஓரத்தை ஒட்டித் திரும்பினேன். எல்லாம் அவ்வளவு சரியாக இருந்தது. ஈரோட்டில் அப்படித்தான் திரும்ப வேண்டும், வலது ஓரமாக வண்டி ஓடும் டெக்சாஸில் கூடாது என்பது மட்டும் என் புத்தியில் இல்லை.

மேட்டின் மேல் ஒரு பிக்கப் டிரக் எங்களுக்கு நேராக ஏறி வந்தது.

"ரைட்! ரைட்!" என்று கத்தினாள் மகள்.

பஸ்ஸில் போய் வளர்ந்த காதுக்கு 'ரைட்' என்றால் ஒரே அர்த்தம்தான். கண்டக்டர் சொன்னால் வண்டி கிளம்பும். நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

"அம்மா! சோத்துக் கை! சோத்துக் கை!"

யோசிக்கவே இல்லை. கை தானாக இழுத்தது. கார் சாலையைக் குறுக்கே தாண்டி வலது ஓரப் புல்லில் இறங்கி நின்றது. டிரக் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. பெற்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேனே என்று நினைத்தபடி எஞ்சினை அணைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

திரும்பி வரும்போது அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று. நான் சொல்லிவிட்டேன். மறைத்து வாங்கினால் அது எப்படி என் கார் ஆகும்? சமையலறையில் நின்றபடி ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "காரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. எனக்கு அது இன்னும் வேணும். ஆனா தனியா ஓட்ட முடியாது," என்றேன். எனக்கே எனக்கு என்று தேடிப் பிடித்தது, பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் ஓட்ட முடியாத கார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கணவர் கத்துவார் என்று காத்திருந்தேன். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்ப ஆகஸ்டுக்கு மேல அந்தச் சீட்ல யாரு உக்கார்றது?"

அவர், அங்கே இல்லாத ஏதோ ஒரு ஆளைத் தேடுவதுபோலச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சரி, நானே உக்கார்றேன். லெஃப்ட், ரைட் சொல்லத் தெரியாதா எனக்கு?"

"நோ, அப்பா!" என்று மகள் அவர் பக்கம் வந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் அவரிடம் முழுதாகத் தமிழில் பேசியது அன்றுதான். சொல் சொல்லாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"ரைட் சொல்லக் கூடாது. ரைட் சொன்னா அம்மா போயிருவாங்க. சோத்துக் கை. எங்க, சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கிக் காட்டி, திருப்பிச் சொன்னார்.