சாக்குப் பையில் உருளைக்கிழங்கு வளர்த்த மல்லிகா

கோவையில் மகள் வீட்டில் பேத்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் எதிர்வீட்டு சாந்தி போனில் அழைத்தார். "டீச்சர், நம்ம மல்லிகா போயிட்டாங்க. மாடிப்படி ஏறினவங்க பாதியிலயே உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க." எங்கள் தெருவில் ஒரே ஒரு மல்லிகாதான். அது தெரிந்தும் "எந்த மல்லிகா?" என்று கேட்டேன். பஸ் பிடித்து நாமக்கல் வந்து சேர்ந்தபோது எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்ட ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மல்லிகா ஒரு முட்டைக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய கணவர் ராசு லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சர். மல்லிகா வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த வருடம், தீபாவளி மழை ஓய்ந்ததும் மொட்டை மாடியில் பன்னிரண்டு கோழித்தீவனச் சாக்குகளை வரிசையாக வைத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, முளைவிட்ட உருளைக்கிழங்குகளை நட்டார். தெருவே சிரித்தது. இந்த வெயிலில் உருளைக்கிழங்கா என்று நானும் கேட்டேன். "நாம ஊட்டிக்குப் போறமில்லீங்க, அது ஒருக்கா நம்மூருக்கு வந்துட்டுப் போகட்டும்" என்றார். பொங்கல் கழிந்து செடி பழுத்ததும் சாக்குகளைக் கவிழ்த்தார். எலுமிச்சை அளவுக் கிழங்குகள்தான், எல்லாம் சேர்த்து ஒரு கூடை. முட்டையைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்துப் பிரித்தார்.

அந்த ஒரு கூடையை வைத்துக்கொண்டுதான் எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் மாற்றினார். ராசு பட்டறையில் மிஞ்சிய பலகையில் ஒரு பெஞ்சு அடித்துக் கொடுத்தார். காலையில் அதை வாசலில் போட்டுக் கிழங்கை வைப்பார் மல்லிகா. வேண்டியவர்கள் தங்கள் வீட்டில் விளைந்ததைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். முருங்கைக்காய் வந்தது, கறிவேப்பிலை வந்தது, சாந்தி வளர்த்த நாட்டுக்கோழியின் முட்டை வந்தது. என் வீட்டுக் கொல்லையில் ஒரு சுண்டைச் செடியைத் தவிர எதுவும் இல்லை. ஒரு கை சுண்டைக்காயைக் கொண்டுபோய்க் கூச்சத்தோடு நின்றேன். அவர் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கிழங்கை அள்ளிப் பையில் போட்டார்.

"ரொம்ப அதிகம் மல்லிகா."

"அளந்து பாக்காதீங்க டீச்சர். உங்களுக்கு மிஞ்சுனது எனக்கு வேணும், எனக்கு மிஞ்சுனது உங்களுக்கு வேணும். அவ்வளவுதானுங்க."

தெருக்கோடியில் வாடகைக்கு வந்த கட்டட வேலைக் குடும்பத்துக்குச் செடி வைக்கக் கையகல மண் கிடையாது. அந்த வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிப் பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போவதை மல்லிகா கவனித்திருக்கிறார். "ஏனுங்க, உங்க ஊட்டுல விறகடுப்புதானுங்க? சாம்பலை என்ன பண்றீங்க? எனக்குக் கொண்டாங்க, கிழங்குக்கு அத்தனை நல்லதுங்க" என்று கூப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் வாளியில் சாம்பலோடு நிமிர்ந்து நடந்து வந்தார்.

இனி எழுதப்போவதை இரண்டு வருடங்களுக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மாசியில் மல்லிகா கொடுத்த கிழங்கைச் சமையலறை ஜன்னலோரம் கம்பிக் கூடையில் போட்டுவிட்டு, மகளைப் பார்க்கப் போய்விட்டேன். "வெளிச்சம் படாம இருட்டுல வைங்க டீச்சர், பச்சை பாஞ்சுச்சுன்னா ஆகாதுங்க" என்று அவர் சொல்லித்தான் கொடுத்தார். நான் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, அதையே தோலோடு பொரியல் செய்தேன். நான் அன்று விரதம். சாப்பிட்டவர் என் கணவர் மட்டும். சாயங்காலத்துக்குள் வாந்தியும் வயிற்றுவலியுமாகத் துவண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, பயத்திலும் ஆத்திரத்திலும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "மல்லிகா வீட்டுக் கிழங்கைச் சாப்பிட்டு இவருக்கு இந்த நிலைமை. மாடியில் என்ன எருவைப் போடுகிறார்களோ தெரியவில்லை. யாரும் வாங்காதீர்கள்."

பத்து நிமிடம் கழித்து டாக்டர் வந்து கேட்டார். "கிழங்கு பச்சையா இருந்துச்சாம்மா? வெளிச்சத்துல வெச்சிருந்தீங்களா?"

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. போன் கையில்தான் இருந்தது. நான் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் நாங்கள் வீடு திரும்பியதும் மல்லிகா கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். சமையலறை மேடையில் தூக்கை வைத்துவிட்டு, "அண்ணனுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். வேறு ஏதோ நான் சொல்வேன் என்பது போலக் கொஞ்சநேரம் நின்றார். பிறகு "சரிங்க டீச்சர், வாரேன்" என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் கிழங்கு அப்படியே இருந்தது. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் பெஞ்சு வெளியே வரவில்லை. தீபாவளி வந்தது, மழை ஓய்ந்தது, மல்லிகா எதுவும் நடவில்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில், தப்பு செய்தவர்கள் தாமாக எழுந்து நிற்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். ரேஷன் கடையிலும் கோயிலிலும் எதிரே வந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். பக்கத்தில் யாராவது இருப்பார்கள். யாரும் இல்லாத நாளில் இவ்வளவு நாள் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்று தோன்றும்.

சாவு கேட்கப் போனபோது ராசுவிடம்தான் முதலில் வாய் திறந்தேன். பாதி சொல்வதற்குள் அவர் கையமர்த்தினார்.

"அவளுக்குத் தெரியுமுங்க டீச்சர். கஞ்சி கொண்டாந்தப்பவே உங்க ஜன்னல்ல கூடையப் பாத்துட்டாளாமா. மிச்சம் கிடந்த கிழங்கெல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துச்சுன்னு சொன்னா."

"அப்புறம் ஏன் அவங்க யார்கிட்டயும் சொல்லல?"

"நானும் அதைத்தானுங்க கேட்டேன். குரூப்புல போட்டுடுன்னு சத்தம்கூடப் போட்டேன். 'நாம சொன்னா டீச்சர் தெருவுல தலை நிமிர முடியாதுங்க, அவங்களே சொல்லுவாங்க, இருங்க'ன்னுட்டா. சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னே இருந்தா."

கருமாதி அன்று பந்தலில் தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தபோது எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. சாம்பல் கொண்டுவந்த அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாந்தி மட்டும், "அன்னிக்கே சொல்லியிருந்தா அவங்க மறுபடியும் நட்டிருப்பாங்களே டீச்சர்" என்றார்.

மல்லிகா கொடுத்ததையெல்லாம் நாங்கள் அவ்வப்போது சமைத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டோம். அவர் எனக்குக் கொடுத்தவற்றில் தீராமல் இருப்பது ஒன்றுதான்: நான் நல்லவள், எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நம்பி அவர் பொறுத்திருந்த இரண்டு வருடங்கள்.