மூன்று முறை பூசிய ஸ்கூட்டர்

அப்பா அந்த ஸ்கூட்டருக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தார். மூன்று முறையும் அதில் பஞ்சு ஒட்டியது. இதை ஞாபகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. ஆறாம் வகுப்பு படித்தபோது நான் வைத்திருந்த கோடு போட்ட நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அடித்த கிழமை, அன்றைய காற்று, யார் யார் உள்ளே போனார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. பதினொரு வயதில் எனக்கு அது பெரிய பெருமை.

போடியில் எங்களுடையது இலவம்பஞ்சு வியாபாரக் குடும்பம். தாத்தா காலமானபின் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மண்டி பெரியப்பாவுக்கு வந்தது. அதன் பின்சுவரை ஒட்டியிருந்த வீடும் காலிக் குடோனும் அப்பாவுக்கு. கடைசியில் மிஞ்சியது, தாத்தா எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் வாங்கி, ஓட்டிப் பழகாமலே சாக்குக்கு அடியில் போட்டு வைத்திருந்த ஸ்கூட்டர். அதை யாருக்கு எழுதுவது என்று பெரியவர்கள் கேட்டபோது பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்:

“தம்பிக்கே இருக்கட்டும். ஓடலைன்னாலும் கோழி அடைக்கலாம்.”

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், வைகாசியில் தேனியில் நடக்கவிருந்த பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அந்த ஸ்கூட்டரில்தான் போய் இறங்கப்போவதாகச் சொன்னார். அப்போது மாசி மாதம். அப்பாவுக்குக் கையில் தொழில் எதுவும் இல்லை. ஏதாவது ஏஜென்சி கிடைக்குமா என்று தினமும் காலையில் தேனிக்கோ கம்பத்துக்கோ பஸ் ஏறி, பொழுது சாயத் திரும்பி வருவார்.

எஞ்சின் இரண்டே நாளில் ஓடிவிட்டது. உயிரை எடுத்தது பெயிண்ட்தான். உத்தமபாளையத்திலிருந்து பஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பாய் ஒருவர் வந்தார். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவே ஐந்து நாள் ஆயிற்று. அப்பா அவசரப்பட்டபோது பாய் சொன்னார்: “துரு எடுக்காம மேல அடிச்சா அது பெயிண்டு இல்ல மொதலாளி, மூஞ்சிப் பவுடரு.” ஒடுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்தி, செங்காவி பிரைமர் அடித்து, பட்டி வைத்து, காயவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். பட்டி மட்டும் நான்கு கை. கடைசிக் கை தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். என்னையும் தடவச் சொன்னார். பாட்டில் கண்ணாடியைத் தொட்டதுபோல் இருந்தது.

நிறம் பற்றி அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. சுரண்டும்போது சீட்டுக்கு அடியில் வெயில் படாத ஓர் இடத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது. பச்சையும் நீலமும் கலந்த வெளிர் நிறம். அதேதான் வேண்டும் என்றார். கூடவே, பஸ்ஸுக்கு அடிப்பது வேண்டாம், மூஞ்சி தெரிகிற மாதிரி எனாமல் வேண்டும் என்றார். பாய் தயங்கினார்.

“பஸ்ஸுக்கு அடிக்கிறது அடிச்ச கையோட காஞ்சிரும். இது ஒரு பகலு, ஒரு ராத்திரி ஈரமா நிக்கும். இந்த ஊர்ல ஈரமா எது நின்னாலும் பஞ்சு வந்து உக்காரும் மொதலாளி.”

“பஞ்சை எனக்கா சொல்லிக் குடுக்கிறீக?” என்றார் அப்பா.

குடோனை இரண்டு நாள் கழுவினார். ஓட்டு இடுக்குகளில் செய்தித்தாள் திணித்தார். தூசி வராமலிருக்க வாசலில் ஈரத்துணி கட்ட வேண்டும் என்று பாய் சொன்னபோது, அம்மா தன் பழைய நூல் சேலைகள் மூன்றைத் துவைத்து, பிழிந்து, திரைபோல் கட்டிக் கொடுத்தாள். காற்று கிளம்பும் முன் விடிகாலையில் பாய் அடித்தார். மறுநாள் கதவைத் திறந்தபோது முன்மூடியிலும் பக்கத் தகடுகளிலும் வெள்ளை மயிர் முளைத்ததுபோல் பஞ்சு. பாய் மறுபடி உப்புத்தாளை எடுத்தார்.

இரண்டாம் முறை பாய் உள்ளே போகும் முன் சட்டையைக் கழற்றினார். முடியிலிருந்து தூசி பறக்காமலிருக்க என் தலையில் எண்ணெய் தடவி, உள்ளே போகக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். காற்று அறவே இல்லை. அப்படியும் பஞ்சு.

அன்று அப்பா நேராகப் பெரியப்பாவின் மண்டிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். வலை கட்டிய கொட்டகைக்குள் பெண்கள் பஞ்சைத் தடியால் தட்டிக் கொட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா கத்தினார்.

“ஒங்க பஞ்சு உக்கார என் வண்டியை விட்டா வேற எடமே இல்லையாண்ணே? வேணும்னே செய்றீகளா?”

அப்பா அவரிடம் குரல் உயர்த்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. பெரியப்பா பெண்கள் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, தடியைக் கீழ போடுங்க. ரெண்டு நாளைக்குத் தட்ட வேணாம். தம்பி வண்டி காயட்டும்.”

“வண்டிக்கு அம்மை போட்டிருக்கா சாமி, காத்துப் படாம வைக்க?” என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்தினாள்.

மூன்றாம் முறை அடித்தபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மண்டியில் சத்தமே இல்லை. அம்மா அந்தச் சேலைகளை மறுபடி துவைத்தாள். அலசினாள், உதறினாள், திரும்பவும் அலசினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்து தண்ணீர். கட்டும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஈரம் போதுமா என்று பார்ப்பதாக நினைத்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பா கூப்பிடவில்லை, அவரே வந்தார். வெளிச்சம் உள்ளே போனதும் முதலில் அந்த நிறம் தெரிந்தது. அவ்வளவு அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை. அப்பாவின் முகம் அதில் தெரிந்தது. பிறகு அந்த முகத்தின் மேல் பஞ்சு தெரிந்தது.

அப்பா அப்படியே குந்திவிட்டார். “எங்கன இருந்துதான் வருது?” என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று முறையின் விவரமும் நோட்டில் வரிசையாக இருந்தது. முதல் முறை காற்று இருந்தது, இரண்டாம் முறை இல்லை. இரண்டாம் முறை மண்டி ஓடியது, மூன்றாம் முறை ஓடவில்லை. மூன்று முறையும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்.

“அம்மா சேலைப்பா,” என்றேன். “சேலை காயக் காய அதுல இருந்துதான் பறக்குது.”

அம்மா காபி டம்ளர்களுடன் நின்றிருந்தாள். அப்பா எழுந்து ஒரு சேலையை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத் தையல் மடிப்பைப் பிரித்தார். உள்ளே பஞ்சு திரித்திரியாக அடைந்திருந்தது. இலவம்பஞ்சு தண்ணீரில் நனையாது, எத்தனை தண்ணீர் அலசினாலும் மடிப்புக்குள் பதுங்கிக்கொள்ளும், காய்ந்ததும் கிளம்பும். அப்பாவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்டியை விட்டு மூன்று மாதம் ஆன வீட்டில், வீட்டுப் பெண்ணின் சேலையில் புதுப்பஞ்சு எப்படி வரும் என்பதையும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்பா பஸ் ஏறியதும் பெரியம்மா பின்வாசல் வழியாகப் பஞ்சும் உறையும் அனுப்புவாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தலையணை அடைப்பாள். அடைத்த தலையணைகளை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாயங்காலம் அதற்குக் கூலியாகப் பெரியம்மாவிடமிருந்து அரிசி வரும். “அப்பா காதுல விழுந்துறக் கூடாது தாயி” என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் சத்தியத்தை மீறவில்லை. சேலை என்றுதான் சொன்னேன். தலையணை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. பாய் தன் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினார். அப்பா அந்தச் சேலையை நான்காக மடித்து அம்மா கையில் கொடுத்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். ஆகவே உற்சாகமாகக் கேட்டேன்: “இனிச் சேலை கட்டாம அடிச்சாச் சரியாயிரும்லப்பா? நாளைக்கே அடிப்பமா?”

“வேணாம் தாயி. காஞ்சிருச்சு,” என்றார் அப்பா.

கல்யாணத்துக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். அம்மா அதன்பின் தலையணை அடைக்கவில்லை. சாயங்காலங்களில் அரிசி வருவது நின்றது. பெரியம்மா கொடுத்தனுப்பினால் அப்பா திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் அப்பா கம்பத்தில் யாரோ ஒருவர் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார், குடோன் பக்கம் போகமாட்டார்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் ‘காரணம்: அம்மாவின் சேலை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தின் தலைப்பு ‘நான்காம் முறை’. கிழமை, காற்று, உள்ளே போனவர்கள் என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, இன்றைக்கு அடிப்பார் என்று குடோன் வாசலில் காத்திருந்தேன்.