வளையாத கழுத்துக்கு ஒரு துப்பாக்கி

"கண்ண மூடு. கட்டைய தோள்ல வை. கன்னத்த சாச்சுக்க. ம், இப்பத் தொற."

யார் துப்பாக்கியோடு வந்தாலும் நோலீன் டகல் இப்படித்தான் ஆரம்பிப்பார். கண் திறந்ததும், குறிபார்க்கத் துப்பாக்கி மேல் பூட்டிய குழலான ஸ்கோப்புக்குள் வட்டம் முழுநிலவாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பாய்ப் பிறை தட்டினாலோ, வந்தவர் வட்டத்தைத் தேடிக் கழுத்தை நீட்டினாலோ, துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்துவிடுவார்.

"நீ ஏன் அதுகிட்ட போற? அதுல்ல உன்கிட்ட வரணும்."

அறுபத்தொரு வயதுப் பெண்மணி. செம்மறி கத்தரிக்கும் கொட்டகைகளில் ரோமத்தைத் தரம் பிரிப்பது தொழில். நாற்பது வருடம் கம்பளிப் பிசுக்கில் ஊறியதில் அவருடைய உள்ளங்கை பச்சைக்குழந்தையின் பாதம் போல மெத்தென்றிருக்கும். எங்கள் ஓட்டகோ பள்ளத்தாக்கில் முயல் யாருக்கும் செல்லப்பிராணி இல்லை. ஒரு வாரம் அசந்தால் தோட்டத்தையே உரித்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பாயின்ட் டூ டூ துப்பாக்கி உண்டு. கடைக்காரர் முடுக்கிக் கொடுத்த ஸ்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்தைக் கோணிச் சுட்டுவிட்டு, "ஸ்கோப்பு சரியில்ல" என்று நோலீனிடம் வந்து நிற்பார்கள்.

கண்ணை மூடச் சொல்வதற்கும் முன்னால், துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லையென்று சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். "நான் பாத்துட்டேன்" என்று யாராவது சொன்னால், "நீ பாத்துட்ட, சரி. நான் பாக்கலையே" என்பார். குளிர்காலத்தில் வெறும் சட்டையோடு வந்தவரை, கோட்டைப் போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. கோட்டின் தடிமன் சேர்ந்தால் தோளுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறிவிடுமாம். துணி காயப்போடும் கம்பியில் நூல்குண்டு தொங்கும்; ஸ்கோப்பின் நெடுக்குக்கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும்வரை திருகாணியை இறுக்க மாட்டார். கன்னம் பதிகிற இடத்தில் கட்டையை உயர்த்த அவர் வைத்திருப்பதெல்லாம் பழைய யோகா பாயின் துண்டுகள், சைக்கிள் டியூப், கிரிக்கெட் மட்டைக்குச் சுற்றும் நாடா.

போன வசந்தத்தில் லாக்லன் பேர்டின் நாலுசக்கர பைக் சரிவில் உருண்டது. உயிர் தப்பியது. கழுத்தெலும்பில் இரண்டை எஃகு வைத்துப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். வருடாவருடம் முயல்வேட்டைக் கோப்பையை வாங்கிவந்தவர். அந்த வருடம்தான் நானூறு ஆப்ரிகாட் கன்றுகள் நட்டிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் பத்துக் கன்றாவது பட்டை உரிந்து நிற்கும். "நாங்க வந்து சுட்டுத் தர்றோம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லச் சொல்ல, அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள், துப்பாக்கி விற்பனைக்கு என்று கடைவாசலில் அட்டை எழுதி மாட்டிவிட்டார்.

நோலீன் அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து உதவிக்குப் போன நான் அங்கே கன்றுகளுக்குக் கம்பிவலை சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கழுத்து வளையல, நோலீன். கன்னமே கட்டைக்குப் போகல. என்ன பண்ணுவ?" என்றார் லாக்லன்.

"உன் கழுத்த இப்ப யாரு கேட்டா?"

அன்று கட்டையின் மேல் இரண்டு விரற்கடை உயரம் பாயை அடுக்கினார். கன்னம் தொட்டது. ஆனால் கண் ஸ்கோப்புக்கு மேலே போய்விட்டது, வெறும் கறுப்பு. மறுநாள், ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களை மாற்றி, உயரமானவற்றைப் போட்டு அதைத் தூக்கினார். வட்டம் வந்தது, அடிக்கட்டை தோளில் உட்காரவில்லை. அதன் கீழ்நுனி மட்டும் தொட்டுக்கொண்டு தள்ளாடியது. மூன்றாம் நாள் லாக்லன் வெடித்தார்.

"போதும், விடு! ஒடஞ்சவன் ஒடஞ்சவன்தான். நாலு பேரு வேடிக்க பாக்கணுமா?"

கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவர் மனைவி ஷோனா தட்டில் ஸ்கோன் ரொட்டிகளோடு திகைத்து நின்றார். நோலீன் ஒன்றை எடுத்துக் கடித்தபடி சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே லாக்லன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலை அசையவில்லை, கோப்பைதான் உயர்ந்து உதட்டுக்கு வந்தது. பாதி ஸ்கோனைக் கீழே வைத்துவிட்டு, தட்டாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தார் நோலீன்.

"அசையாத. குடிச்சுக்கிட்டே இரு." அளவுநாடாவை லாக்லனின் கண்ணோரத்தில் வைத்துத் தோள்குழி வரை இறக்கினார்.

"என்ன, சவப்பெட்டிக்கா அளவெடுக்குற?"

"அதுக்கு நாடா பத்தாது. ஆறே கால் அடி வளந்து வச்சிருக்க."

ஷோனா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். லாக்லனின் தேநீர் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

சனிக்கிழமை மத்தியானம், எடுத்துப்போயிருந்த துப்பாக்கியோடு நோலீன் வந்தபோது அடிக்கட்டையின் முனையில் ஒரு பைன் பலகை திருகப்பட்டிருந்தது. அது நாலு விரற்கடை கீழே இறங்கியது; அதன் அடியில்தான் தோளுக்கான திண்டு இருந்தது. திண்டு தோளில் உட்கார்ந்தால் துப்பாக்கி தானாகக் கண்ணுயரத்துக்கு ஏறும்.

"இது துப்பாக்கியா, கொல்லைப்பக்கத்துத் தண்ணிக் கொழாயா?" என்றார் லாக்லன்.

"கண்ண மூடு."

மூடினார். தோளில் வைத்தார். திறந்தார்.

"என்னய்யா தெரியுது?"

"முழுசா," என்றார். "முழுசாத் தெரியுது, நோலீன்."

ஐம்பது மீட்டரில், மண்மேட்டில் ஒரு பெயின்ட் டப்பா மூடி. முதல் இரண்டு குண்டும் இடப்பக்கம் மண்ணில் புதைந்தன. நோலீன் ஸ்கோப்பின் திருகை வலப்பக்கமாக நகர்த்தினார். மூன்றாவது குண்டுக்கு மூடி 'டங்' என்று புரண்டது. ஷோனா கத்தினார். நான் எகிறிக் குதித்து மேட்டைப் பார்த்தேன்.

நோலீன் மூடியைப் பார்க்கவில்லை. லாக்லன் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்ததும், பின்னாலிருந்து அவர் பிடரியில் இரண்டு விரல்களை வைத்து, தசை எங்காவது இறுகியிருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.