செய்தவர் இல்லாத அறிக்கை

முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவளிடம் அந்த அறிக்கையைக் கொண்டுவந்ததுதான் மேலாளர் செய்த தப்பு.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து கன்டெய்னர் யார்டில் பெட்டிக் கதவுகளின் சீல் எண்ணைச் சரிபார்ப்பது என் தம்பியின் வேலை. ஓட்டுநர் இல்லாத லாரி ஒன்றை அங்கே சோதனைக்கு விட்டிருந்தார்கள். ஆட்கள் நிற்பதற்கென்று தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் நின்று சீல் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தவன் காலில் அது பின்பக்கமாக வந்து ஏறியது. இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுவாரம் யார்டு மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் விபத்து அறிக்கையும் கருப்பட்டி டப்பாவும். உடன்குடிக்காரர்களுக்கு உடன்குடிக் கருப்பட்டி! அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்ன பார்மாலிட்டிதான் டீச்சர். தம்பி கையெழுத்துப் போட்டா மத்ததை நாங்க பாத்துக்கிடுவோம்."

"லாரியை ஓட்டுனது யாரு?"

"ஆட்டோமேட்டிக் டீச்சர். சிஸ்டம்தான் முடிவெடுக்கும்."

"சிஸ்டத்துக்குப் பொறுப்பு யாரு?"

"சாஃப்ட்வேர் வேற கம்பெனி, கேமரா வேற கம்பெனி. எங்களது இடம் மட்டும்தான்."

ஆளாளுக்குக் கைகழுவிவிட்டு இவரை அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கையைப் பிடுங்கிப் படித்தேன். 'வாகனம் இயக்கப்பட்டது. தடை கண்டறியப்படவில்லை. வேகம் குறைக்கப்படவில்லை.' யார் இயக்கினார், யார் குறைக்கவில்லை? பக்கம் முழுக்கத் தேடினாலும் ஓர் ஆள் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் 'யாரால்?' என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன். தடை என்று சொன்னது என் தம்பியைத்தான்.

கடைசி வரியில் ஒரே ஒரு மனுஷன் வந்தான். 'தொழிலாளி கவனக்குறைவாக நின்றார்.'

நின்றாராம். மரியாதை வேறு! இதில் கையெழுத்துப் போட்டால் பழி மொத்தமும் அவன் தலையில்.

தம்பி பேனாவை எடுத்துவிட்டான். "போட்டுருதேன்க்கா. வேலையாவது மிஞ்சும்."

"ஏலே, நீ எங்கன நின்ன?"

"மஞ்சக் கோட்டுக்குள்ள."

"அப்ப அதை எழுது."

தம்பி அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, 'நான் மஞ்சள் கோட்டுக்குள் நின்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மேலாளர் முகம் சுருங்கிவிட்டது. "இப்படி எழுதுனா ஏத்துக்கப்படாது டீச்சர்."

"யாரால?" என்றேன்.

அவர் அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் குனிந்து இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டார். தம்பி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.